கப்பலேறப் போறியளா?

மதுரை வாசகர்: ஆன்லைன் ஏஜென்ட் ஒருவர் பாதி விலைக்கு சிங்கப்பூர் க்ரூஸ் தருகிறாராம். நம்பலாமா?

மீதிப் பாதி எங்கே ஒளிந்திருக்கிறது என்று கேளுங்கள். விளம்பர விலை பெரும்பாலும் 'இருவர் தங்கும் அறையில் ஒருவருக்கு' என்பது. துறைமுகக் கட்டணமும் டிப்ஸும் அதில் சேராமல் இருக்கலாம். தனியாகப் போனால் பல கப்பல்களில் காலிப் படுக்கைக்கும் நீங்களே அழ வேண்டும். கார்டு எண் கேட்கும் பக்கத்தில் என்ன தொகை நிற்கிறதோ, அதுதான் விலை.

ஈரோடு வாசகர்: கப்பல் கம்பெனியிடமே நேராக வாங்கினால் கமிஷன் மிச்சம்தானே?

யாருக்கு? கமிஷன் கொடுப்பது கம்பெனி. உங்களுக்கு இரண்டு இடத்திலும் விலை அநேகமாக ஒன்றுதான். ஆனால் ஏஜென்ட்டிடம் வாங்கிவிட்டால் தேதி மாற்றம், ரத்து, ரீஃபண்ட் எல்லாவற்றுக்கும் அவர் வாசலில்தான் நிற்க வேண்டும். பணம் கட்டுமுன் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவருக்கு போன் போட்டுப் பாருங்கள்.

நாகப்பட்டினம் வாசகர்: 'இன்சைட் கேபின்' மலிவாக இருக்கிறதே, எடுக்கலாமா?

தாராளமாக! கடலைப் பார்த்து அலுத்த ஊர்க்காரர்களுக்கு ஏற்ற அறை. ஜன்னலே கிடையாது.

தஞ்சாவூர் வாசகர்: நல்ல ஏஜென்ட்டை எப்படிக் கண்டுபிடிப்பது?

விசாவில். சிங்கப்பூரில் ஏறி, பினாங்கு பார்த்துவிட்டு ஏறிய இடத்திலேயே வந்து இறங்கினால், அது சிங்கப்பூருக்குள் இரண்டாவது நுழைவு. ஒரே முறை நுழையும் விசா உதவாது. இதை நீங்கள் கேட்காமலே சொல்பவரிடம் டிக்கெட் எடுங்கள்.