வௌவாலுக்கும் கேக்கணுமா மாப்ளே?

ஒன் செட்டப் பாத்தேன் மாப்ளே. அம்சமா இருக்கு. நெஞ்சுயரத்துக்கு ரெண்டு ஸ்பீக்கரு, தொட்டாச் சுடுற வால்வு ஆம்ப்ளிஃபயரு, கட்டவெரல் தண்டிக்கு வயரு. அந்த வயரு வெல மட்டும் ஒங்கம்மாவுக்குத் தெரியாமப் பாத்துக்க. எங்கக்காவப் பத்தி எனக்குத் தெரியும். பாட்டு எத்தன வச்சிருக்கன்னு கேட்டா ஒரு சாண் அகலத்துக்கு சிடியக் காட்டுன. அதுலயும் திரும்பத் திரும்ப ஓடுறது ஒண்ணே ஒண்ணு: ஈகிள்ஸ்காரங்க 1994ல சனங்களுக்கு முன்னால வாசிச்ச ‘ஹோட்டல் கலிஃபோர்னியா’. ஸ்பீக்கர் விக்கிற கடையிலயும் அதத்தான் போட்டுக் காட்டுறாக. தும்முனு ஒரு அடி விழுகுது, ஒடனே நீ என் மொகத்தப் பாக்குற. நானும் தலைய ஆட்டி வச்சேன். அது எதப் பத்துன பாட்டுன்னு நீயும் சொல்லல, நானும் கேக்கல.

எம்.எஸ்.வி. பாட்டு ஒண்ணு போடுறான்னா மூஞ்சியச் சுளிக்கிற. மோனோ ரெக்கார்டிங்காம், இரையுதாம். இரையத்தான் செய்யும். தமிழ்ல ஸ்டீரியோவுல பாட்டு வந்ததே 1978ல ‘ப்ரியா’ படத்துலதான்னு சொல்லுவாக. அதுக்கு முந்துனதையெல்லாம் தள்ளி வச்சிட்ட. லட்சத்தக் குடுத்து, இருந்த பாட்டையும் கொறச்சுக்கிட்ட ஆளு எனக்குத் தெரிஞ்சு நீ ஒருத்தன்தான்.

நான் மைக் செட்டு வச்சிருந்த காலத்துல எங்கிட்ட இருந்தது ஒரு ரெக்கார்டு பிளேயரும், புளியமரத்துல கட்டுன குழாயும். குழாயில அடிச்சத்தமும் வராது, உச்சிச்சத்தமும் வராது. நடுவுல கொரல் மட்டும் கணீர்னு வரும். சின்னத் தட்டு, நிமிசத்துக்கு 45 சுத்து, பக்கத்துக்கு ரெண்டு பாட்டு. கீறல் விழுந்த எடத்துல ஒரே வரி திரும்பத் திரும்ப வரும். ஓடிப் போயி ஊசிய ஒரு தட்டுத் தட்டணும். ஊரு அந்தக் கீறலோட சேத்துத்தான் பாட்டப் படிச்சது. களையெடுக்குற பொம்பளைக அந்த வரி வந்தா ரெண்டு தரம் பாடுவாக.

ஒந்தம்பி ஒனக்கு மேல. கைக்குள்ள அடங்குற டிஸ்க்க நீட்டி, ‘ஒரு டெராபைட்டு, பூராம் பாட்டு மாமா’ங்கிறான். எல்லாம் 128 கேபிபிஎஸ் எம்பி3. பஸ் ஸ்டாண்டுல ஒரே சிடிக்குள்ள நூத்தம்பது பாட்ட அமுக்கி வித்தாகள்ல, அந்தச் சரக்கு. கணக்குப் போட்டுப் பாத்தேன்: மணிக்கு 58 எம்பிக்குக் கொறச்சல். ராத்திரி பகலா ஒறங்காமக் கேட்டா ரெண்டு வருசம் ஆகும். பயலோ பல்லவி முடியுமுன்ன அடுத்த பாட்டுக்குத் தாவுறான். இப்ப யாரோ சொன்னாகன்னு அம்புட்டையும், சத்தத்த வெட்டாமச் சுருக்குற ஃப்ளாக்கா மாத்திக்கிட்டிருக்கான். எம்பி3 ஆக்கும்போது வெட்டி எறிஞ்சது எறிஞ்சதுதான். புண்ணாக்க மறுபடி செக்குல போட்டா எண்ணெயா வரும்? ஃபைலுதான் வீங்கும்.

எடம் பத்தலன்னு பாட்டச் சுருக்குன காலம் மலையேறிப் போச்சு மாப்ளே. சிடியில இருக்குறத அப்பிடியே ஃப்ளாக்கா எடுத்து வச்சா ஒரு புள்ளி கொறையாது. எடம் மட்டும் ஏறக்கொறயப் பாதியாகும். தம்பியோட அதே டிஸ்க்குல ரெண்டாயிரம் சிடிக்கு மேல நிக்கும். தரமா எண்ணிக்கையாங்குற சண்ட அதோட தீந்துச்சு. அதுக்கும் மேல தரம் வேணும்னு 192 கிலோஹெர்ட்ஸ் பாட்டுக்குக் காசக் கொட்டாத. சிடி நொடிக்கு 44,100 தடவ அளந்து, 20,000 ஹெர்ட்ஸ் வரைக்கும் குடுத்துருது. மனுசக் காதுக்கு எல்லையே அதுதான், அதுவும் எளவட்டத்துக்கு. ஒனக்கு நாப்பது தாண்டிருச்சு. மிச்சத்தக் கேக்க, கோயில் மண்டபத்து வௌவாலத்தான் கூட்டியாரணும்.

ஒனக்குச் சத்தம் கெடுறது வயர்ல இல்ல, வீட்டுல. வழவழன்னு டைல்ஸு, மொட்டச் செவரு, ஸ்பீக்கரு ரெண்டும் மூலையில முட்டிக்கிட்டு நிக்கிது. மூலையில வச்சா அடிச்சத்தம் கும்முனு பெருத்துக் கொரல அமுக்காம என்ன செய்யும்? ரெண்டடி முன்னால இழு. ஸ்பீக்கருக்கும் ஸ்பீக்கருக்கும் எம்புட்டுத் தூரமோ, அம்புட்டுத் தள்ளி நாக்காலியப் போடு. தரையில நல்ல பவானி ஜமக்காளமா விரி. அந்த வயரு வெலைக்குத் தெருவுக்கே விரிக்கலாம்.

பெறகு எங்கக்காவ அந்த நாக்காலியில உக்கார வச்சு, என்ன பாட்டு வேணும்னு கேளு. இரைஞ்சாலும் போடு. அப்பறமும் காசு கைய அரிச்சுச்சுன்னா, மாமன் டிரான்சிஸ்டருக்கு ரெண்டு பேட்டரிக் கட்ட வாங்கிட்டு வா.