பாக்ஸ் இருக்கா?

பழைய கீபோர்டு ஒன்றை விற்கப்போவதாக மும்பையில் வாய் திறந்தால் போதும், முதல் கேள்வி "பாக்ஸ் ஹை க்யா?" இருக்கிறது என்றால் இரண்டாவது கேள்வி, "பில்?" அதுவும் இருந்தால்தான் கட்டைகள் எல்லாம் ஒழுங்காக அமுங்குமா என்ற விசாரணைக்கே வருவார்கள். சிலர் அதுவரை வருவதுமில்லை.

இதில் நியாயம் இல்லாமல் இல்லை. அட்டைப்பெட்டியின் ஓரத்தில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் சீரியல் நம்பர் இருக்கும். கருவியைக் கவிழ்த்தால் அங்கேயும் அதே நம்பர். இரண்டும் ஒத்துப்போனால், பொருள் யார் வீட்டு ஜன்னல் வழியாகவும் இறங்கி வந்ததில்லை என்று ஓரளவு நம்பலாம். அதற்கு மேல் ஒரு யூகமும் உண்டு. பெட்டியையே இத்தனை வருஷம் கசங்காமல் வைத்திருக்கிறவர் கீபோர்டின் மேல் டீயைக் கொட்டியிருக்க மாட்டாராம். பெண் பார்க்கப் போன இடத்தில் கொல்லைப்புறத்தை எட்டிப் பார்த்து குடும்பத்தை எடைபோடும் அத்தைகளின் தர்க்கம் இது. என்னைக் கேட்டால் சுத்த அபத்தம். பெட்டியைக் காப்பாற்றுகிற ஆட்கள் தனி ரகம். பொருள் எக்கேடு கெட்டாலும் பரவாயில்லை, பெட்டியின் மூலை மடங்கக் கூடாது. அந்த ரகத்தில் நானும் ஒருவன் என்பதால் அடித்துச் சொல்கிறேன்.

பம்பாய்த் தமிழனுக்கு இந்தப் பெட்டி மோகம் எங்கிருந்து வந்தது என்பதற்கு என்னிடம் ஒரு விளக்கம் இருக்கிறது. எண்பதுகளில் சஹார் விமான நிலையத்தில் வளைகுடாவிலிருந்து வந்து இறங்கும் நம்மவர்களின் தள்ளுவண்டியைப் பார்த்திருக்கிறீர்களா? உச்சியில் நேஷனல் பானாசோனிக் டூ-இன்-ஒன் பெட்டி. குறுக்கும் நெடுக்குமாக நைலான் கயிறு. நாலு பக்கமும் மார்க்கரில் எழுதிய பெயரும், தாராவி 90 அடி ரோடு விலாசமும். டாக்சியின் தலைமேல் அது ஊர்வலம் வருவதைத் தெருவே நின்று பார்க்கும். உள்ளே இருந்த டேப் ரிக்கார்டர் கொஞ்ச காலத்தில் நாடாவைத் தின்ன ஆரம்பித்து, ஓய்ந்து, போய்ச் சேர்ந்தது. பெட்டி மட்டும் பரணில் இருந்து, கல்யாணப் பத்திரிகைகளையும் மும்பையில் எதற்குமே உதவாத ஸ்வெட்டர்களையும் சுமந்தபடி இன்னொரு தலைமுறையைப் பார்த்தது. மனீஷ் மார்க்கெட்டில் 'ஃபாரின் சாமான்' வாங்கியவர்களுக்கு அந்தப் பாக்கியம் கிடையாது. அங்கே பெட்டி கேட்டால் கடைக்காரர் நம்மைக் கஸ்டம்ஸ் ஆள் என்று நினைத்து ஷட்டரை இறக்கிவிடுவார்.

கர்நாடக சங்கீதத்துக்கு இந்த வியாதி ரொம்ப நாள் தொற்றவில்லை. தஞ்சாவூர் வீணைக்கு 2013-ல் புவிசார் குறியீடு கிடைத்தது; தெர்மோகோல் என்றைக்கும் கிடைத்ததில்லை. தம்புரா என்றால் பாட்டியின் பழைய ஜமுக்காளத்தில் தைத்த உறைதான். பழைய வீணை வாங்க மாட்டுங்காவில் ஒரு வீட்டுக்குப் போனால் கேட்கிற கேள்விகளே வேறு. பலாமரமா? ஏகாண்டமா, ஒட்டா? மேளம் கட்டி, மெழுகு மாற்றி எத்தனை காலம் ஆயிற்று? யார் வாசித்தது? கடைசிக் கேள்விக்கான பதிலில்தான் விலை இருக்கும். எழுபதுகளின் கடைசியில் பெங்களூரு ராடெல்காரர்கள் தம்புராவை மின்னணுப் பெட்டிக்குள் அடைத்தார்களே, அதோடு வந்தது அட்டைப்பெட்டி, வாரன்டி கார்டு, கையேடு எல்லாம். இன்றைக்கு சண்முகானந்தா மேடையில் அந்தக் கைக்கடக்கமான பெட்டி உட்கார்ந்து மீட்டிக்கொண்டிருக்கும்போது, அதன் அட்டைப்பெட்டி யாரோ ஒரு வித்வான் வீட்டுப் பரணில் சுருதி சேராமல் கிடக்கிறது என்று நிச்சயமாக நினைத்துக்கொள்ளலாம்.

பெட்டியை வைத்திருக்கத்தான் வேண்டும் என்று வாதாடும் நண்பர்கள் கடைசியில் கொண்டுவந்து நிறுத்துவது சரண்ஜித் சிங்கை. மும்பைக்காரர். இந்திப் படப் பாடல் பதிவுகளில் வாசித்தவர். 1982-ல் ரோலண்ட் கம்பெனியின் ஜூபிட்டர்-8, டிஆர்-808, டிபி-303 ஆகிய மூன்று கருவிகளை வைத்துக்கொண்டு பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் வாசித்து ஓர் இசைத்தட்டு போட்டார். தட்டு விலைபோகவில்லை. டிபி-303-ம் விலைபோகவில்லை, 1981-ல் வந்த அதை 1984-லேயே ரோலண்ட் நிறுத்திவிட்டது. பழைய சாமான் கடைகளில் மலிந்து கிடந்த அந்த வெள்ளிநிறப் பெட்டியைச் சிகாகோ இளைஞர்கள் சிலர் வாங்கி, காது கூசும் அளவுக்குத் திருகி, 1987-ல் ஆசிட் ஹவுஸ் என்று ஒரு நடன இசையையே கிளப்பிவிட்டார்கள். அதே மாதிரிச் சத்தம் அதற்கு ஐந்து வருஷம் முன்பே பம்பாயில் பைரவி ராகத்தோடு பதிவாகியிருக்கிறது என்று உலகம் கண்டுபிடிக்க இன்னும் காலம் பிடித்தது. தட்டு 2010-ல் மறுபடி வெளிவந்தது. எழுபதைக் கடந்த மனிதர் ஐரோப்பிய மேடைகளில் வாசித்தார். டிபி-303 இப்போது ஆயிரக்கணக்கான டாலர். அந்தக் காலத்துச் சிந்தசைசர்களின் காலி அட்டைப்பெட்டிகள் தனியாகவே விலைக்கு வருகின்றன. "பார்த்தியா?" என்பார்கள் நண்பர்கள்.

பார்த்தேன். ஆனால் அந்த நண்பர்களின் பரண்களில் இருப்பது ஜூபிட்டர்-8 பெட்டியில்லை. குழந்தைக்குக் கோடை விடுமுறையில் வாங்கித் தந்த கேசியோவின் பெட்டி.

என்னுடையது யமஹா, 61 கட்டை, அதுவும் வாங்கும்போதே பழசு. அட்டைப்பெட்டி ஒரு மீட்டருக்கு மேல் நீளம், நாற்பது சென்டிமீட்டர் அகலம். என் மனைவி பேங்க் உத்தியோகம், கணக்கில் கெட்டி. "நாலரைச் சதுர அடிக்கு மேல வருதுங்க. செம்பூர்ல சதுர அடி இருபத்தஞ்சாயிரம்னு சொசைட்டி வாட்ஸ்ஆப்புல பெருமையா போட்டிருக்காங்க. ஒரு லட்சத்துக்கு மேல மதிப்புள்ள இடத்துல எட்டாயிரம் ரூபா கீபோர்டோட காலி அட்டையை வச்சிருக்கீங்க." பரண் எல்லாம் கார்ப்பெட் ஏரியாவில் சேராது என்று நான் சட்டம் பேசினேன். "அப்ப நீங்களும் அங்கயே படுத்துக்கலாமே. கணக்குல வராது."

இன்னொரு நாள் ஆர்.கே. ஸ்டூடியோவை இழுத்தாள். 1948-லிருந்து கதாநாயகிகளின் உடைகள் முதல் எதையும் தூக்கிப் போடாமல் சேர்த்து வைத்த இடம், எங்கள் வீட்டிலிருந்து நடக்கிற தூரம். 2017 செப்டம்பரில் ஒரே தீயில் எல்லாம் போனது. 2019-ல் நிலம் கட்டுமானக் கம்பெனி கைக்குப் போய்விட்டதாகச் செய்தி வந்தது. "ராஜ் கபூர் குடும்பத்துக்கே அந்தக் கதி" என்பதற்கு மேல் அவள் எதுவும் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை.

நியாயமாகப் பார்த்தால் மும்பையில் பெட்டிக்கு எதிரி மனைவி கிடையாது, ஜூலை மாதம். இங்கே பரண் என்பது பெரும்பாலும் குளியலறைத் தலைக்கு மேலே இருப்பது. கீழே வெந்நீர் ஆவி, வெளியே மழை. அட்டை அந்த ஈரத்தையெல்லாம் குடித்து, ஊறின அப்பளமாகத் தொய்ந்துவிடும். அட்டையின் நடுவே அலை அலையாக ஓடுகிற காகிதக் குழல்கள் இருக்கிறதே, கரப்பான்பூச்சிக்கென்றே கட்டிய ஹவுசிங் சொசைட்டி அது. பசையைத் தின்ன ராமபாணப் பூச்சி வரும். கூடவே வந்த சிலிக்கா ஜெல் பொட்டலம் முதல் மழைக்காலத்திலேயே வயிறு முட்டக் குடித்துவிட்டுச் செத்திருக்கும். அதை நம்பிக் கருவியைப் பெட்டிக்குள்ளேயே போட்டு வைத்தவர்கள் தீபாவளிக்குத் திறந்து பார்த்தால் கட்டைகளின் மேல் பூஞ்சை பூத்திருக்கும். ஆகவே, கருவியைக் காப்பதற்காக வந்த பெட்டிக்குள் கருவியை மட்டும் வைக்க முடியாது. மற்ற எதை வேண்டுமானாலும் வைக்கலாம்.

எங்கள் வீட்டில் பெட்டியின் மேல் பொம்மை வைத்தோம். நவராத்திரிக் கொலுவுக்கு அந்த நீளம் அளவெடுத்துச் செய்தது மாதிரி பொருந்தும். உள்ளே பழைய வார இதழ்களைத் திணித்து, மேலே வேஷ்டியை மடித்து விரித்தால் மூன்றாம் படி தயார். என் மனைவிக்கு அந்தப் பத்து நாள் மட்டும் பெட்டியின் மேல் பிரியம்.

கீபோர்டை வாங்க டோம்பிவிலியிலிருந்து அந்தப் பையன் வந்ததும் சரியாக அந்தப் பத்து நாளுக்குள்தான். வாசித்துப் பார்த்தான், பிடித்திருந்தது. "பாக்ஸ் இருக்குன்னு சொன்னீங்களே, அங்கிள்?" தமிழ்ப் பையன்தான். கொலுவைக் காட்டினேன். மூன்றாம் படியில் மச்ச அவதாரத்தில் தொடங்கிப் பத்துப் பேரும் வரிசையாக நின்றுகொண்டிருந்தார்கள். "விஜயதசமிக்கு அப்புறம்தான் எடுக்க முடியும். நடுவுல கலைக்கக் கூடாது." பையன் வாமனரைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், ஐந்நூறு ரூபாய் குறைத்தான். என் மனைவி கொடுத்த சுண்டலை வாங்கிக்கொண்டு, கீபோர்டைத் துணிப்பையில் போட்டுத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பினான். "பாக்ஸுக்கு அப்புறமா வரேன் அங்கிள்."

தீபாவளி போயிற்று. வரவில்லை. பழைய பேப்பர் அண்ணாச்சிதான் வந்தார். ஸ்ரீவைகுண்டம் பக்கத்துக்காரர், மராட்டியில் பேரம் பேசுவார், தமிழில் அலுத்துக்கொள்வார். பெட்டியை ஒரு கையால் தூக்கிப் பார்த்து, "ஈரம் கொண்ட அட்டை சார், கனம் ஏமாத்தும்" என்று தராசுக்கு முன்பே அரைக் கிலோவைக் கழித்துவிட்டார். கைக்கு வந்தது இருபது ரூபாய். இந்த அட்டையெல்லாம் என்னவாகும் என்று கேட்டதற்கு, "தாராவி போகும். அஞ்சு பிளை அட்டை சார், அரைக்க மாட்டாங்க. மறுபடி பெட்டியாவே ஆக்கிருவாங்க" என்றார். அது உண்மைதான், நானே பார்த்திருக்கிறேன். தரையில் உட்கார்ந்தவர் குறட்டால் பின்களைப் பிடுங்கி எறிவார். நைந்த ஓரத்தைக் கத்தியால் ஒரே இழுப்பில் அறுப்பார். பெட்டியை உள்வெளியாகத் திருப்பி மடித்து, கால் மிதி இயந்திரத்தில் டப் டப்பென்று புதுப் பின் அடிப்பார். கம்பெனிப் பெயர் உள்ளே போய்விடும், வெளியே வெறும் பழுப்பு. பிஸ்கட்டோ செருப்போ ஏற்றிக்கொண்டு அது மறுநாளே ஊருக்குப் புறப்பட்டுவிடும். இத்தனை காலம் பரணில் வெட்டியாகக் கிடந்த பெட்டி தாராவிக்குப் போன பிறகுதான் வேலைக்குப் போனது.

தெர்மோகோலை மட்டும் அண்ணாச்சி தொடவில்லை. "இது காத்து சார். காத்தை எப்படி நிறுக்கது?" அவர் சொன்னது விஞ்ஞானப்படியும் சரி, தெர்மோகோலில் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு பங்கு காற்றுதான். 2018-ல் மகாராஷ்டிர அரசு தெர்மோகோல் தட்டையும் அலங்காரத்தையும் தடை செய்த பிறகு கணபதி மண்டபத்துக்குத் தானம் கொடுக்கவும் வழியில்லை. கீபோர்டின் இரண்டு தோள்களுக்கும் அளவாக வார்த்த அந்த இரண்டு வெள்ளைக் கட்டிகளும் திரும்பப் பரணுக்கே போயின.

பொங்கல் முடிந்து ஒரு நாள் டோம்பிவிலிப் பையன் போன் செய்தான். கீபோர்டைக் கோயம்புத்தூரில் ஒருவருக்கு விற்றிருக்கிறான். பார்சல் ஆபீசில் இப்படியே அனுப்பினால் கட்டைகள் நொறுங்கிப்போகும் என்றார்களாம். பெட்டி போய்விட்டதே தம்பி என்றேன். "பெட்டி எந்தக் கடையிலயும் கிடைக்கும் அங்கிள். அந்த தெர்மோகோல் இருக்கா? அதுதான் கிடைக்காது." அன்று சாயங்காலமே வந்துவிட்டான். இருநூறு ரூபாய் கொடுத்துவிட்டு, கக்கத்துக்கு ஒன்றாக இரண்டையும் இடுக்கிக்கொண்டு, அலுவலகம் விடுகிற நேரத்து ஹார்பர் லைன் லோக்கலில் ஏறப்போனான். ஏறினானா என்பதை அவன்தான் சொல்ல வேண்டும்.

பரணில் இடம் காலியானது. மறுநாளே என் மனைவி அங்கே மிக்ஸி பெட்டியை ஏற்றினாள். ஏன் என்று கேட்டேன். வாரன்டி இன்னும் ஆறு மாசம் பாக்கி இருக்கிறதாம்.