எனக்கென்ன பைத்தியமா?

கம்பம் பள்ளத்தாக்கில் ஊருக்கு ஒரு மாமா இப்படி இருக்கிறார். கூடலூரோ உத்தமபாளையமோ சின்னமனூரோ, எந்த ஊர் டீக்கடையிலும் அவரைப் பார்க்கலாம். நாலு ஏக்கர் பன்னீர் திராட்சை, மலைமேல் கேரளப் பக்கம் கொஞ்சம் ஏலத்தோட்டம், வாசலில் ஒரு ஜீப். ராத்திரி மூன்று மணிக்கு விழிப்புத் தட்டிவிடும். பிறகு தூக்கமில்லை. மோட்டார் ஓடுகிறதா என்று பார்க்கத் தோட்டத்துக்குப் போவார். கரண்டு இருக்காது. இருக்காது என்று தெரிந்தேதான் போவார். சாப்பாடு இறங்குவதில்லை, பேச்சும் குறைந்துவிட்டது. கேட்டால், "எனக்கு ஒண்ணுமில்ல மாப்ள."

ஒன்றுமில்லாமல் இல்லை. 2019 ஆகஸ்டில் ஏலக்காய் கிலோ 7,000 ரூபாய் வரை போனபோது, இன்னும் ஏறும் என்று மூட்டையை இறுக்கிக் கட்டி வைத்தவர் மாமா. அந்தத் தெம்பில் கடன் வாங்கி மேலும் இரண்டு ஏக்கர் குத்தகைக்குப் பிடித்தார். மூன்று வருடத்துக்குள் அதே காய் ஆயிரத்துக்குக் கீழே வந்து உட்கார்ந்தது. போடி ஏல மையத்தில் திரையில் விலை மாறுவதைப் பார்த்தாலே இப்போதும் அவருக்கு வியர்க்கிறது.

வைத்தியம் பார்க்காமலும் இல்லை. முதலில் குச்சனூர் சனீஸ்வரன் கோயில். சனிக்கிழமை தவறாமல் எள் விளக்கு, காகத்துக்குச் சோறு. பிறகு ஜாதகக் கட்டு. பிறகு சுகர், பிரஷர், ஈ.சி.ஜி. எல்லாம் சரியாக இருந்ததில் மாமாவுக்குக் கொஞ்சம் வருத்தம்கூட. தாளைப் பார்த்த டாக்டர், "மனநல டாக்டர் ஒருத்தரைப் பாருங்களேன்" என்றார். "எனக்கென்ன பைத்தியமா?" என்று கேட்டுவிட்டு வந்த மாமா, அந்த டாக்டரிடமும் போவதை நிறுத்திவிட்டார்.

க.விலக்கில் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கிறது. அங்கே மனநலப் பிரிவும் இருக்கிறது, சீட்டுப் போட்டால் காசில்லாமல் பார்ப்பார்கள். மதுரைக்குப் போகும்போதெல்லாம் மாமா அந்த வழியாகத்தான் போகிறார். ஆனால் இறங்க முடியாது. நம்ம ஊர்க்காரன் எவனாவது பல்வலிக்கு வந்து வரிசையில் நிற்பான். மாமா எந்த வாசலில் நுழைகிறார் என்று பார்ப்பான். பொழுது சாய்வதற்குள் செய்தி கூடலூர் போய்ச் சேரும். பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்கிற நேரம்.

இந்தச் சமயத்தில்தான் தேனியில் ஒரு கல்யாண மண்டபத்து வாசலில் ஃபிளெக்ஸ் வைத்தார்கள்: 'உன்னை நீ வெல்!' கோட்டுப் போட்ட லைஃப் கோச். இரண்டு நாள் பயிற்சி, மதியச் சாப்பாடு உண்டு. மாமா ஜீப்பை வாசலிலேயே நிறுத்தினார், நாலு பேர் பார்க்கட்டும் என்று. மனநல டாக்டரிடம் போனால் பைத்தியம், கோச்சிடம் போனால் வளர்ச்சி!

கோச் முன்பு இன்ஷூரன்ஸ் பிடித்துக்கொண்டிருந்தவர். அதைக் குறையாகச் சொல்லக் கூடாது. 1995இல் உலகக் கோச்சுகளுக்கென்று அமெரிக்காவில் சங்கம் தொடங்கிய தாமஸ் லெனார்டே, பணத்தை எப்படிச் சேர்ப்பது என்று ஆலோசனை சொல்லிக்கொண்டிருந்தவர்தான். மனநல மருத்துவர் ஆக எம்.பி.பி.எஸ்.ஸுக்கு மேலும் படிக்க வேண்டும். மருத்துவ உளவியலாளர் என்றால் மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு வேண்டும், 1992ஆம் வருடச் சட்டம் அப்படி. கோச் ஆக விசிட்டிங் கார்டு அடிக்கிற அச்சகம் இருந்தால் போதும்.

அவர் மாமாவிடம் கேட்ட முதல் கேள்வி, "எத்தனை மணிக்கு எழுந்திரிப்பீங்க?"

"மூணு மணிக்கு."

"கை தட்டுங்க எல்லாரும்! வெற்றியாளர்கள் எழுந்திரிக்கிற நேரம்!"

மண்டபமே தட்டியது. சாப்பாடு இறங்கவில்லை என்றார் மாமா. அது விரதமாம், உடம்புக்கு நல்லதாம். யாரிடமும் பேசப் பிடிக்கவில்லை என்றார். தலைவர்கள் குறைவாகத்தான் பேசுவார்களாம். அத்தை மாதக்கணக்கில் கோயில் கோயிலாகச் சொல்லி அழுத அத்தனையும் இரண்டு மணி நேரத்தில் தகுதிச் சான்றிதழாகிவிட்டது. சான்றிதழ் நிஜமாகவே கொடுத்தார்கள், லேமினேஷன் போட்டு.

அடுத்த கட்டம் மேகமலையில், கட்டணம் தனி. அங்கே தணல் மேல் நடக்கச் சொல்வார்களாம், பயம் போகுமாம். அமெரிக்காவில் டோனி ராபின்ஸ் நடத்துகிற கூட்டங்களில் இது பிரசித்தம். 2016இல் டல்லஸில் முப்பது பேருக்கு மேல் காலைச் சுட்டுக்கொண்டார்கள். சித்திரையில் வீரபாண்டி கௌமாரியம்மனுக்கு அக்கினிச்சட்டி எடுத்த குடும்பத்துப் பிள்ளைக்கு நெருப்பைக் காட்டிக் காசு கேட்பதுதான் எனக்கு ஆச்சரியம்.

கோச்சே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நன்றாகத் தூங்கிச் சாப்பிடுகிற ஒருவர், திராட்சையைக் காயவைத்து விற்கலாமா, கடை போடலாமா என்று குழம்பினால் கோச்சிடம் போகட்டும். பேசித் திட்டம் போட்டுத் தருவார், பிடித்துத் தள்ளவும் செய்வார். ஆனால் இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமும் பசியும் போய், எதிலும் பிடிப்பில்லாமல் கிடந்தால் அது மருத்துவரின் வேலை. நல்ல கோச் அதைத் தானே சொல்லி அனுப்பிவிடுவார். இது மாமாவுக்குத் தெரியாததல்ல. கொடியில் சாம்பல் நோய் விழுந்தால் பந்தல்காரனையா கூப்பிடுவார்?

"எங்களுக்கு என்ன தெரியும், ராத்திரி பூராம் முழிச்சுக் கிடக்காக" என்று சொல்கிற அத்தைமார்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். 2022 அக்டோபர் 10இலிருந்து டெலி மானஸ் என்று அரசாங்கம் ஒரு எண் வைத்திருக்கிறது: 14416. காசில்லை, தமிழில் பேசுவார்கள், இருபத்துநாலு மணி நேரமும் எடுப்பார்கள். எந்த வாசலிலும் நிற்க வேண்டாம், தோட்டத்திலிருந்தே பேசலாம். நீங்களே போட்டு அவர் கையில் கொடுங்கள். கேட்டால், "கோச்சுதான், பேசுங்க" என்று சொல்லிக்கொள்ளலாம், பாவமில்லை.