எஞ்சின் கால் பணம்

அமெரிக்க மலைச்சாலைகளில் பழைய ஃபோக்ஸ்வாகன் வேனகன் வேன்காரரைக் கண்டுபிடிப்பது எளிது. வலது ஓரத்தில் கனரக லாரிகளோடு ஊர்ந்துகொண்டிருப்பார். 1982இல் அங்கே விற்ற டீசல் வேனகனுக்கு 48 குதிரைத்திறன். கட்டில், அடுப்பு, குளிர்பெட்டி, தூக்கும் கூரை என்று குடித்தனத்தையே ஏற்றிய அதன் வெஸ்ட்ஃபாலியா வகையோ இரண்டு டன்னை நெருங்கும். கொலராடோவின் ஐசனோவர் சுரங்கப்பாதை சுமார் 3,400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. டர்போ இல்லாத எஞ்சின் அங்கே போய்ச் சேர்வதற்குள் அதன் சக்தியில் மூன்றிலொரு பங்கு காணாமல் போய்விடும். உடன் வருபவர் இறங்கிப் பூப்பறித்துவிட்டு, நடந்தே வந்து ஏறிக்கொள்ளலாம்.

பெட்ரோல் வண்டிக்காரர் பாடு கொஞ்சம் தேவலை. 1983 முதல் தண்ணீரில் குளிரும் பாக்ஸர் எஞ்சின், முதலில் 1.9 லிட்டர், பிறகு 2.1. ரேடியேட்டர் முன்னால், எஞ்சின் பின்னால். நடுவே வண்டியின் நீளத்துக்கும் குழாய்கள். கூலன்ட்டை மாற்றாமல் விட்டால் ஹெட் அரித்துக் கசியத் தொடங்கும். அதைப் பிரித்துச் சரிசெய்யும் செலவைக் கேட்டதும்தான் வேறு எஞ்சின் வைக்கும் யோசனை வரும்.

யோசனை வந்த வேகத்தில் ஆலோசகர்களும் வருவார்கள். சுபாரு எஞ்சின் என்பார் ஒருவர். அதுவும் பாக்ஸர்தான், படுத்தவாக்கில் பொருந்தும். ஃபோக்ஸ்வாகனின் டிடிஐ டீசல் என்பார் இன்னொருவர். பழைய டீசல் எஞ்சினைப்போல் அதையும் 50 பாகை சாய்த்து உள்ளே தள்ளலாம். ஃபோர்டு ஃபோகஸின் ஜீடெக் என்று மூன்றாமவர் தொடங்குவார். தென்னாப்பிரிக்காவில் தொழிற்சாலையே ஐந்து சிலிண்டர் ஆடி எஞ்சினை வைத்து 2002 வரை விற்றதே என்பவரிடம் கொஞ்சம் மரியாதையாகப் பேச வேண்டும். அவர் சொல்வது உண்மை. 1980களில் போர்ஷேயே இதே வண்டியில் 231 குதிரைத்திறன் எஞ்சினை ஏற்றிய கதையை ஒருவர் எடுப்பார். அவரிடம் கடன் கேட்டால் போய்விடுவார்.

பெரும்பாலோர் போய் நிற்பது சுபாருவில். அங்கும் ஒரு பள்ளம் உண்டு. 2.2 லிட்டர் இஜே22 இருக்க, 2.5 லிட்டர் இஜே25இன் மேல் ஆசை போகும். பழைய இஜே25 பெயர் வாங்கியதே ஹெட் கேஸ்கெட் கசிவில். எந்தக் கசிவுக்குப் பயந்து பழைய எஞ்சினைக் கழற்றினாரோ, அதையே காசு கொடுத்து மீண்டும் வாங்கி வைத்தவர்கள் இருக்கிறார்கள். 90களின் தொடக்கத்து இஜே22இல் டைமிங் பெல்ட் அறுந்தாலும் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளாது. நடுக்காட்டில் கூடாரம் போடுகிறவருக்குக் கூடுதலாகக் கிடைக்கும் சில குதிரைகளைவிட இதுதான் பெரிது.

சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பது எஞ்சினை இறக்கிய பிறகுதான் புரியும். காயலான் கடையில் எஞ்சின் மலிவு. கியர் பாக்ஸோடு இணைக்க இடைத்தகடு வேண்டும். ஆயில் சம்ப் தரையில் தட்டும், குட்டையாக்க வேண்டும். கூலன்ட் குழாய்கள், சைலன்சர், எஞ்சின் தாங்கிகள் எல்லாம் புதிதாகச் செய்ய வேண்டும். சுபாரு வயரிங்கில் வேனுக்கு வேண்டாத ஒயர்களை ஒவ்வொன்றாக உருவ வேண்டும். தவறான ஒன்றை உருவினால் ஏற்கெனவே சொன்ன ஆலோசகர்கள் அத்தனை பேரும் திரும்பி வருவார்கள்.

கலிஃபோர்னியாவில் இதற்கு மேல் அரசாங்கமும் உண்டு. மாற்று எஞ்சின் வண்டியின் ஆண்டைவிடப் பழையதாக இருக்கக் கூடாது. புகைக் கட்டுப்பாட்டுப் பாகங்கள் அத்தனையும் அதனுடனேயே வர வேண்டும். அதற்கென்று இருக்கும் நடுவர் பார்த்து ஒப்ப வேண்டும். வாங்கும்போது வேண்டாத குப்பை என்று கழற்றி எறிந்த குழாயைத்தான் அவர் முதலில் தேடுவார்.

ஆகவே இஜே22தான். ஆனால் எஞ்சினை மட்டும் வாங்காதீர்கள். ஓடுகிற பழைய சுபாரு லெகசி காரையே முழுசாக வாங்குங்கள். வயரிங், கம்ப்யூட்டர், சென்சார்கள் எல்லாம் அதிலேயே இருக்கும். எஞ்சினைக் கழற்றும் முன் ஓட்டியும் பார்த்துவிடலாம்.