மேமோகிராம் அச்சவியல்

அச்சம் பிறக்கும் இடங்கள் அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை என நான்கே என்று மெய்ப்பாட்டியலில் முடித்துவிட்டார் தொல்காப்பியர். அவர் காலத்தில் ஸ்கேன் சென்டர் இல்லை. ஐந்தாவதாக, மார்பகத்தை எக்ஸ்ரே எடுக்கும் மேமோகிராமைச் சேர்ப்பது பின்வந்தோர் கடன் ஆதலால், அதன் வகைகளை ஈண்டு உரைப்பாம்.

முதலாவது, சாக்கு அச்சம். இது வீட்டிலேயே தோன்றும். "கழுத்து வலி, டாக்டரைப் பாத்துட்டு வரேன் அத்தை" என்று சொல்லிவிட்டுச் செருப்பு மாட்டுவோரிடம் காண்க. மார்பு என்ற சொல் கூடத்தில் உரக்கச் சொல்லத் தகாதது, கழுத்து தகும்.

இரண்டாவது, பவுடர் அச்சம். டாக்டரிடம் போகுமுன் குளித்து, அக்குளில் பவுடர் பூசிச் செல்வது நம்மவர் மரியாதை. அந்தத் துகள் படத்தில் சுண்ணாம்புப் புள்ளிபோல் விழக்கூடும் என்பதால் டெக்னீஷியன் ஈரத் துணியை நீட்டுவார். ‘வேர்வை நாத்தம்னு நினைச்சுட்டாங்களோ’ என்னும் துணை அச்சம் இதிலிருந்து கிளைக்கும்.

மூன்றாவது, கூச்சம். இது இருபாற்படும்: டெக்னீஷியன் ஆணாக இருந்துவிட்டால் என்பது ஒன்று, பெண்ணாகவே இருந்தாலும் என்பது மற்றொன்று. முன்னது வரவேற்பில் ஒரு கேள்வி கேட்டால் தீரும். கேட்பதற்குத்தான் கூச்சம்.

நான்காவது, அமுக்கம். ஊரில் பேச்செல்லாம் இதைப் பற்றியே. முந்தி வந்தவர் பிந்தி வருபவருக்குச் சொல்லும்போது, மார்பை அமுக்கும் தட்டின் எடை ஒவ்வொரு வாய்க்கும் கூடும். அழுத்துவதன் அருமையை 1949இல் வலியுறுத்தியவர் உருகுவே நாட்டு ரவுல் லெபோர்ன். அழுத்தினால் திசு பரந்து, ஒன்றை ஒன்று மறைக்காது. அசைவால் படம் கலங்காது. கதிர்வீச்சும் குறைவாகப் போதும். பக்கத்துக்கு இரண்டு படம், மேலிருந்து ஒன்று, சாய்வாக ஒன்று. ஆக வழக்கமாக நான்கு அமுக்கல், ஒவ்வொன்றும் சில விநாடி. மாதவிலக்குக்கு முந்தைய வாரத்தில் வலி கூடும், முடிந்த வாரத்தில் குறையும். தேதி குறித்துக் கொடுப்பவர் இதைக் கேட்பது அரிது. "வலிக்கவே வலிக்காதும்மா" என்பாரை யாம் பொய்யர் வரிசையில் வைப்போம், சிலருக்கு நன்றாகவே வலிக்கும் ஆதலின். "நாலு தடவை அமுக்குவேன், தாங்கலைன்னா சொல்லுங்க, நிறுத்திடறேன்" என்று முன்கூட்டிச் சொல்பவரே மருந்தறிந்தவர். சுவரில் ரோஸ் கலர் ரிப்பன் ஒட்டுவதும் மூலையில் செடி வைப்பதும் இதற்கு அடுத்த படிதான், அதுவும் வெகு தூரம் தள்ளி.

ஐந்தாவது, புருவ அச்சம். திரையைப் பார்த்த டெக்னீஷியனின் புருவம் சுருங்கியதும் இது பிறக்கும். சாய்வுப் படத்தில் மார்புத் தசை சரியாக விழுந்ததா என்று அவர் பார்த்துக்கொண்டிருப்பார். "இன்னொரு படம் எடுத்துக்கலாமா?" என்றதும் இங்கே பிள்ளைகளின் கல்யாணம் வரை கணக்குப் போட்டாயிற்று.

ஆறாவது, ரிப்போர்ட் அச்சம். எல்லா வகையினும் பெரியது. தட்டு சில விநாடியில் விலகிவிடும். கவர் கைக்கு வர நாளாகும். பிரித்தால், படத்தின் முடிவை எண்ணால் சொல்லும் முறைப்படி, ‘பைராட்ஸ் 0’ என்றிருக்கும். அந்த 0 பரீட்சை முட்டையும் அன்று, ‘ஒன்றுமில்லை’ என்பதும் அன்று. முடிவு சொல்ல இன்னும் படமோ பழைய படமோ தேவை என்பதே பொருள். இயல்பு என்பதற்கு எண் 1, தீங்கற்றது என்பதற்கு 2. சுழியத்தை இப்படி நடு வீதியில் நிறுத்திய புலவர் குழு ரிப்போர்ட்டைத் தனியே பிரிக்கும் பெண்ணை நினைத்ததாகத் தெரியவில்லை. அமெரிக்காவில் பரிசோதித்த 100 பேரில் சுமார் 10 பேரை மறுபடி அழைக்கிறார்கள். அவர்களிலும் மிகப் பலருக்குப் புற்றுநோய் இருப்பதில்லை. இதைக் கவரின் மேலேயே அச்சடிக்கலாம்.

புறனடையாக ஒன்று: துணைக்கு வந்த கணவரின் "ஒண்ணும் இருக்காது". இவரை அச்சமற்றவர் என்பாரும் உளர். அச்சத்தை இடம் மாற்றியவர் என்பதே எம் கொள்கை. சட்டைப் பையிலேயே இருக்கும் பார்க்கிங் டோக்கனை அவர் மூன்று மாடியும் தேடுவதே அதற்குச் சான்று.