வால்வு வம்சம்

பேளுக்குறிச்சி சந்தையில் மிளகை எடுத்து வாயில் போட்டுக் கடித்துப் பார்க்காமல் எந்தப் பாட்டியும் முந்தானை முடிச்சை அவிழ்க்க மாட்டார். லீ டி பாரஸ்ட் என்ற அமெரிக்கருக்கு அந்தப் பாட்டிகளின் சகவாசம் இல்லாமல் போய்விட்டது. 1906-ல் கண்ணாடிக் குமிழுக்குள் மூன்றாவதாக ஒரு கம்பியைச் செருகினார். சின்ன சிக்னலைப் பெரிதாக்கும் வால்வு பிறந்துவிட்டது. எப்படிப் பெரிதாக்குகிறது? அது மட்டும் பெற்றவருக்கே தெரியாது!

குமிழுக்குள் மிச்சமிருக்கும் வாயுதான் காரணம் என்று சாதித்தார். ஆர்ம்ஸ்ட்ராங் என்ற இளைஞர் உண்மையை விளக்கினார். டி பாரஸ்ட் நன்றி சொன்னாரா? கோர்ட்டில் சந்தித்தார். வால்விலிருந்து வெளியே வருவதை மறுபடி உள்ளேயே திருப்பிவிடும் உத்தி யாருடையது என்று வருடக்கணக்கில் சண்டை. 1934-ல் அமெரிக்க சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு சொன்னது. ஜெயித்தவர், வாயுக்காரர்தான். 1950-ல் சுயசரிதை எழுதி ‘ரேடியோவின் தந்தை’ என்று தமக்குத் தாமே பெயரும் சூட்டிக்கொண்டார். நம்மூர் பேனர்க்காரர்கள் ரொம்ப லேட்!

அடுத்த மகான் லியோ ஃபெண்டர். படித்தது கணக்கு, பிழைத்தது ரேடியோ ரிப்பேர். கிட்டார் உலகமே கும்பிடும் இவருக்குக் கிட்டார் வாசிக்கத் தெரியாது. சத்தம் சுத்தமாக வரவேண்டும் என்று பேஸ் கிட்டாருக்காக ‘பாஸ்மேன்’ வால்வு ஆம்ப்ளிஃபயரைச் செய்தார். மற்ற கிட்டார்க்காரர்கள் அதைத் தள்ளிக்கொண்டு போய், வால்யூமை முழுக்கத் திருகி, கரகரக்க வைத்து, ‘ஆஹா, இதுவல்லவோ நாதம்’ என்றார்கள்.

லண்டனில் ஜிம் மார்ஷல் என்ற டிரம் வாத்தியார் கடை வைத்திருந்தார். 60-களின் தொடக்கத்தில் அவருடைய ஆட்கள் பாஸ்மேன் சர்க்யூட்டைப் பார்த்து ஒன்று செய்தார்கள். ஏறக்குறைய ஜெராக்ஸ். இன்று அதுவும் ஒரிஜினலாம்!

இந்த வம்சத்து வாரிசான ஆம்ப்ளிஃபயர் ஒன்றை எவரோ அவசரத்தில் வயரிங் பண்ணி, நம்மிடம் தள்ளிவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். முதலில் பிளக்கைப் பிடுங்குங்கள். உடனே கையை விட்டுவிடாதீர்கள். பிடுங்கிய பிறகும் கெப்பாசிட்டர்கள் 400 வோல்ட்டை விழுங்கிக்கொண்டு சாதுவாக உட்கார்ந்திருக்கும். அதை வடித்த பிறகுதான் மற்றதெல்லாம்.

‘ம்ம்ம்’ என்று முனகுகிறதா? வால்வைச் சூடாக்கும் ஹீட்டர் வயர்களை முறுக்காமல் சிக்னல் வயரின் மடியில் படுக்க வைத்திருப்பார்கள். முறுக்கி, ஓரமாக ஒதுக்குங்கள். படபடவென்று பொரிகிறதா? செட்டை ஓடவிட்டு, காய்ந்த மரக்குச்சியால் ஒவ்வொரு ஜாயின்டாகத் தட்டுங்கள். மேலே பளபளத்து உள்ளே ஒட்டாத சால்டரிங் ஒன்று அகப்படும். (இன்னொரு கையைப் பாக்கெட்டில் வைத்திருப்பது உத்தமம்.)

ஆன் பண்ணியதுமே ஊளையிடுகிறதா? அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரின் இரண்டு வயர்கள் இடம் மாறியிருக்கலாம். சத்தத்தை அடக்கத் திருப்பிவிட்ட சிக்னல், அதையே ஊதிப் பெருக்குகிறது. ஆமாம், இரண்டு மேதாவிகள் சுப்ரீம் கோர்ட் வரை போன அதே சங்கதி. இங்கே தப்பாக வயரிங் பண்ணியவர் இலவசமாகவே கண்டுபிடித்திருக்கிறார்!

மறுபடி பிளக்கைப் பிடுங்கி, வடித்து, வயர்களை இடம் மாற்றினால் ஊளை அடங்கும். முனகல் இல்லை, பொரியல் இல்லை, சங்கீதம் மட்டும். சொந்தக்காரர் வருவார். பையிலிருந்து ஃபஸ் பெடல் ஒன்றை எடுத்துச் செருகுவார். 1961-ல் வெளியான மார்ட்டி ராபின்ஸ் பாட்டில், நாஷ்வில் ஸ்டூடியோ டிரான்ஸ்ஃபார்மர் பழுதாகி பேஸ் கரகரத்தது. மறு வருடமே அந்தக் கோளாறை டப்பாவில் அடைத்து கிப்சன் கம்பெனி விற்றது. அந்த டப்பாவின் பேரன்தான் இது. காலால் ஒரு மிதி. பழைய கரகரப்பு திரும்பிவிடும்.

‘சூப்பர் சார்! இப்பதான் கரெக்டா இருக்கு’ என்பார்.