குண்டுச்சட்டிக் குதிரைக்காரனுக்கு

மோனை, நீ ஒரு இடமும் போகவேண்டாம். நீ வெளிக்கிட்டால் இந்த வெள்ளவத்தை வீடு கால் முளைச்சுப் பம்பலப்பிட்டிக்கு ஓடியிடும். கொட்டாஞ்சேனையில ஒரு கலியாணத்துக்குப் போகவே குடை, சுடுதண்ணிப் போத்தல், சித்தாலேப எல்லாம் பையுக்குள்ள அடைஞ்சனி. பந்தியில வடை வரமுதல், “வீட்டைப் பூட்டினனோ தெரியேல்லை” எண்டு எழும்பினது ஆர்?

மரைன் டிரைவுக்கு அங்கால கோச்சி கூவினால் யன்னலைச் சாத்துறாய். 1990இல நிண்ட யாழ்தேவி திரும்ப யாழ்ப்பாணம் போய்ச்சேர 2014 ஒக்டோபர் ஆச்சு. அதுக்குத் தண்டவாளமே இல்லாமப் போச்சு, சரி. உனக்கு என்ன இல்லாமப் போச்சு?

எங்கட ஆக்களே இப்பிடித்தான் எண்டு சாட்டுச் சொல்லாத. வல்வெட்டித்துறையில கட்டின அன்னபூரணி எண்ட பாய்க்கப்பல் 1938இல அமெரிக்காவின்ர குளொஸ்டர் துறைமுகத்தில போய் நிண்டது. வாங்கினது றொபின்சன் எண்ட வெள்ளைக்காரர். கொண்டு போனது வல்வெட்டித்துறை மாலுமியள். அத்திலாந்திக்கில சொதிக்கு ஆரைக் கேட்டாங்களோ! நீ காலிக்குப் போனால் இடியப்பம் கிடைக்குமோ எண்டு யோசிக்கிறாய். சிங்கள ஆக்களும் காலமை அதைத்தானடா சாப்பிடுகினம்.

குண்டுச்சட்டிக்குள்ள குதிரை ஓட்டத்தான் விருப்பமெண்டால் ஓட்டு. மெய்க்குதிரை நெடுந்தீவில நிக்குது. போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் காலத்து வழி வந்ததுகள். கடிவாளமும் இல்லை, கட்டுறதுக்கு ஆளும் இல்லை. உருவம் சின்னன், எடுப்புப் பெரிசு. காணி மதிலெல்லாம் பவளக்கல்லைச் சும்மா அடுக்கினது, சீமெந்து பூசேல்லை. ஓட்டையால கடல்காத்து பூந்து வரும்.

யாழ்ப்பாணத்தில பஸ் ஏறிப் புங்குடுதீவால குறிகட்டுவானுக்குப் போ. அங்க வள்ளம். ஒரு மணித்தியாலம் மட்டில ஆட்டும். சத்தி வந்தால் காத்துக்கு எதிர்ப்பக்கம் எடுக்காத, உன்ர முகத்திலதான் வந்து விழும். பக்கத்துக் கிழவியின்ர கடகத்துக்குள்ளயும் எடுக்காத. அவள் உன்னைக் கரையேற விடமாட்டாள்.

வீட்டை ஆர் பாக்கிறது எண்டு கேப்பாய். நான் இருக்கிறனல்லோ. திறப்பை மேசையில வைச்சிட்டுப் போ. உன்ர ஏசி அறையின்ர றிமோட்டையும் வை. வந்த நாள் துடக்கம் ஹோலில நுளம்புக்குச் சோறு போட்டுக்கொண்டு கிடக்கிறன். நெடுந்தீவோட திரும்பியிடாத ராசா, அப்பிடியே திருகோணமலையையும் பாத்து, ஆறுதலா வா.